முதல், வழி, சார்பு: பாலக்காடு, இடுக்கி எல்லைப்புற வரலாற்றெழுத்தில் சான்று காட்டும் முறை

முன்னுரை

வரலாற்றுக் கட்டுரை ஒன்றின் நம்பகத்தன்மை, அதன் முடிவுகளுக்கு அடிப்படையான சான்றுகளைப் பிறரும் தேடிச்சென்று காண வழி உண்டா என்பதைப் பொறுத்தே நிலைபெறுகின்றது. தமிழகத்தின் மேற்கெல்லையை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி மாவட்டப் பகுதிகளின் வரலாறு குறித்துத் தமிழில் கட்டுரைகள் பல வெளிவந்துள்ளன. அணை, கோயில், பழங்குடி வழக்காறு, தோட்டத் தொழிலாளர் வாழ்வு, மொழிவழி மாநில எல்லை ஆகியன இவற்றின் பொருள்களாக அமைகின்றன. இவற்றுள் பலவற்றில் செய்தி வளம் மிகுதி. சான்று வளமோ குறைவு. அடிக்குறிப்பு இருந்தும் அது மூல ஆவணத்திற்கு இட்டுச்செல்லாமல் மற்றொரு கட்டுரையோடு நின்றுவிடுகின்றது. இக்குறைபாட்டின் இயல்பையும் விளைவையும் இக்கட்டுரை சில எடுத்துக்காட்டுகளின்வழி ஆராய்கின்றது.

நூல் மரபும் தரவு மரபும்

நூல்களை முதல், வழி, சார்பு எனப் பகுக்கும் முறையை நன்னூல் கூறும். முன்னோர் மொழிந்த பொருளோடு அவர்தம் சொல்லையும் போற்றி எடுத்தாளும் வழக்கையும் அந்நூல் ஏற்கின்றது. ஆகவே, ஒரு கருத்து எங்கே பிறந்தது, எவர்வழி வந்தது என வினவும் நெறி தமிழ்ப் புலமைக்குப் புதியதன்று. இப்பகுப்பை வரலாற்றுத் தரவுகளுக்கும் பொருத்திக் காணலாம். நிகழ்ச்சியோடு நேரடித் தொடர்புடைய ஆவணம், கல்வெட்டு, நேரில் கேட்டுப் பதிந்த வாய்மொழி ஆகியன முதல்தரவு. அவற்றைக் கண்டு எழுதிய மாநிலக் கையேடு, மாவட்ட விவரச் சுவடி போன்றன வழித்தரவு. அவற்றைத் தழுவி எழுந்த கட்டுரைகள் சார்புத்தரவு.

உரையாசிரியர்களின் நடைமுறை இருவகைப்படும். அடியார்க்குநல்லார் தாம் பயன்கொண்ட நூல்களைப் பெயர் சுட்டிக் கூறுவார்; அதனால்தான் இன்று கிடைக்காத நூல்கள் சிலவற்றின் இருப்பையேனும் அறிய முடிகின்றது. நூற்பெயர் கூறாமல் ‘என்றார் பிறரும்’, ‘என்ப’ என முடிக்கும் வழக்கமும் உரைகளில் உண்டு. அத்தகைய மேற்கோள்களின் மூலத்தைத் தேடிக் காண்பதில் உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் பெரும் உழைப்பைச் செலவிட நேர்ந்தது. அக்காலக் கற்போர் நூல்களை நினைவில் கொண்டிருந்தமையால் ‘என்ப’ என்பது போதுமானதாக இருந்தது. இன்றைய வரலாற்றுக் கட்டுரையில் ‘என்பர்’, ‘கூறப்படுகிறது’ எனும் சொற்கள் சான்றின் இடத்தைப் பிடித்துக்கொள்வது ஏற்புடையதன்று.

ஆய்வுக்களமும் ஆவணங்களின் இருப்பிடமும்

பாலக்காடும் இடுக்கியும் தம்முள் எல்லை ஒட்டாத மாவட்டங்கள். இரண்டையும் இணைப்பது தமிழகத்தோடு அவை கொண்ட மலை எல்லையே. பாலக்காடு 1957 சனவரி 1 அன்றும், இடுக்கி 1972 சனவரி 26 அன்றும் மாவட்டங்களாயின. இன்றைய மாவட்டப் பெயரை மட்டும் கொண்டு பழைய ஆவணங்களைத் தேடுவோர் ஏமாற்றமடைவர்.

பாலக்காட்டின் பெரும்பகுதி 1956 நவம்பர் 1 வரை சென்னை மாகாணத்தின், பின்னர்ச் சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அதே மாவட்டத்திலுள்ள சித்தூர்ப் பகுதியோ கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்தது. இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தன. ஆகவே, ஒரே எல்லைக்கோட்டின் வரலாற்றை எழுத முனைவோர் மூன்று ஆட்சிகளின் ஆவணங்களை நாட வேண்டியுள்ளது. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கேரள அரசின் திருவனந்தபுரம் காப்பகம், எர்ணாகுளம், கோழிக்கோடு வட்டாரக் காப்பகங்கள் எனத் தரவுகள் சிதறிக் கிடக்கின்றன.

இச்சிதறலே அச்சிட்ட கையேடுகளைச் சார்ந்திருக்கும் பழக்கத்திற்குக் காரணம் எனலாம். வில்லியம் லோகனின் மலபார் கையேடு (1887), நாகம் அய்யாவின் திருவிதாங்கூர் மாநிலக் கையேடு (1906), இன்னிசின் மலபார் விவரச் சுவடி (1908), அச்சுத மேனோனின் கொச்சி மாநிலக் கையேடு (1911), வேலுப்பிள்ளையின் திருவிதாங்கூர் மாநிலக் கையேடு (1940) ஆகியன எளிதில் கிடைப்பவை. இவை மதிப்புடைய நூல்களே, ஆயினும் வழித்தரவுகள். இவற்றிற்கு மறுபதிப்புகளும் உள்ளன. முதற்பதிப்பா மறுபதிப்பா எனச் சுட்டாமல் தரப்படும் பக்க எண் படிப்போரைத் தவறான இடத்தில் நிறுத்தும். வார்டு, கானர் ஆகியோரின் திருவிதாங்கூர், கொச்சி நில அளவைக் குறிப்புகள் 1816 முதல் 1820 வரை நடந்த அளவைப் பணியின் பயன். அச்சேறியதோ பல பத்தாண்டுகள் கழித்து. அச்சிட்ட ஆண்டை மட்டும் தந்தால் அந்நூல் காட்டும் மக்கள் வாழ்வு வேறொரு காலத்திற்கு உரியதாகத் தோன்றிவிடும். இத்தகு நூல்களுக்கு அளவை நடந்த ஆண்டு, பதிப்பாண்டு இரண்டும் வேண்டும்.

பெரியாறு: ஆவணம் உள்ளதும் இல்லதும்

எல்லைப்புற வரலாற்றில் மிகுதியாக எழுதப்பெற்ற பொருள் முல்லைப் பெரியாறு. இதன் அடிப்படை ஆவணம் 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் இந்தியச் செயலருக்கும் இடையே ஏற்பட்ட குத்தகை ஒப்பந்தம். 999 ஆண்டுக் காலம், 8000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் என்பன அதன் முதன்மைக் கூறுகள். 1970 மே 29 அன்று ஏற்பட்ட துணை ஒப்பந்தங்கள் குத்தகைத் தொகையை ஏக்கருக்கு 30 ரூபாய் என உயர்த்தின. 40,000 ரூபாய் என்பதை ஆண்டு சுட்டாமல் எழுதும் கட்டுரை, முதல் ஒப்பந்தத்தின் விதியை எக்காலத்துக்கும் உரியதாக்கி விடுகின்றது. ஒப்பந்த நாள், விதி எண், அது படிக்கப்பெற்ற இடம் ஆகிய மூன்றையும் தந்தால் இப்பிழை நேராது.

அணை கட்டிய பென்னிகுயிக் இங்கிலாந்திலிருந்த தம் சொத்தை விற்றுப் பணியை நிறைவேற்றினார் என்னும் செய்தி இதனினும் நுட்பமான சிக்கலை உடையது. கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் அவர்மீது கொண்ட நன்றியுணர்வு போற்றற்குரியது. ஆயினும் ஆய்விதழில் அச்செய்தி இடம்பெறும்போது அதன் சான்று யாது என்னும் வினா எழுவது இயல்பு. இங்கு அடிக்குறிப்புகள் பெரும்பாலும் ஒரு கட்டுரையிலிருந்து மற்றொன்றுக்கும், அதிலிருந்து விழா மலருக்கும் செல்கின்றன. பணியைச் சென்னை அரசின் பொதுப்பணித்துறை நடத்தியது. திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர் மெக்கன்சி எழுதிய பெரியாறு திட்ட வரலாறு 1899இல் சென்னை அரசு அச்சகத்தில் வெளியாயிற்று. பென்னிகுயிக் தாமே இலண்டன் கட்டடப் பொறியாளர் நிறுவனத்தின் நடவடிக்கைத் தொகுதியில் 1897இல் பெரியாற்றுத் திருப்பம் பற்றிக் கட்டுரை எழுதியுள்ளார். சொத்து விற்பனையைக் கூறும் கட்டுரை, முதலில் இவ்விரண்டையும் பார்த்ததாகக் காட்ட வேண்டும். அடுத்து விற்பனைப் பத்திரம், கடிதம், கணக்கேடு ஆகியவற்றுள் ஒன்றையேனும் சுட்ட வேண்டும். அவை கிடைக்காதவிடத்து, ‘கம்பம் பகுதி மக்களிடையே வழங்கும் செய்தி’ என எழுதி, கேட்ட ஊரையும் ஆண்டையும் தருவதே முறை. அப்போது அச்செய்தி மக்கள் நினைவின் வரலாற்றுக்குரிய தரவாக மதிப்புப் பெறும்.

ஒரு செய்தி பத்துக் கட்டுரைகளில் இருப்பதால் பத்துச் சான்றுகள் கிடைத்துவிட்டதாகக் கருதுவது பிழை. பத்தும் ஒன்றையே பார்த்து எழுதியிருப்பின் சான்று ஒன்றே. அந்த ஒன்றும் மூலம் சுட்டாததாயின் சான்று இல்லை.

இதனை நீதிமன்ற நடைமுறையோடு ஒப்பிடலாம். அணை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரி 27 அன்றும் 2014 மே 7 அன்றும் தீர்ப்பு வழங்கியது. 1886ஆம் ஆண்டு ஒப்பந்தம் காலாவதியாகவில்லை என 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு முடிவுசெய்தது. அம்முடிவுக்கு அடிப்படையாய் அமைந்தவை ஆவணங்களும் சட்டப் பிரிவுகளுமே. அதே பொருளைப் பேசும் ஆய்வுக் கட்டுரை அதனினும் தளர்ந்த முறையில் சான்று காட்டுவது பொருந்தாது.

கண்ணகி கோட்டம்: ஒரே குறிப்பில் மூவகைச் சான்று

இடுக்கி மாவட்டத்தில் பெரியாறு புலிகள் காப்பகத்திற்குள் அமைந்த மங்கலதேவி கோயில் சித்திரைப் பௌர்ணமியன்று மட்டும் வழிபாட்டிற்குத் திறக்கப்படுகின்றது. குமுளி வழியாகவும், தேனி மாவட்டம் பளியன்குடி வழியாகவும் மக்கள் சென்று வருகின்றனர். இதனைச் சிலப்பதிகாரம் கூறும் கண்ணகி கோட்டமாக 1963இல் கள ஆய்வின்வழி இனங்கண்டவர் சி.கோவிந்தராசனார். இதுபற்றி எழுதுவோர் இலக்கிய அடி, உரை, கள ஆய்வு ஆகிய மூவகைச் சான்றுகளையும் ஒரே அடிக்குறிப்பில் அடுக்கிவிடுவதுண்டு.

மதுரையிலிருந்து வையைக் கரை வழியே மேற்கே சென்ற கண்ணகி நெடுவேள் குன்றம் ஏறி வேங்கை நிழலில் நின்றாள் என்பது காப்பியச் செய்தி. அக்குன்றம் எது என்பதில் உரையாசிரியர்களே வேறுபடுகின்றனர். அரும்பதவுரைகாரர் அதனைத் திருச்செங்கோடு எனக் கொண்டார். அடியார்க்குநல்லார் அதனை மறுத்துக் கொடுங்கோளூரை அடுத்த செங்குன்று எனக் கொண்டார். அடியார்க்குநல்லார் உரை வஞ்சிக்காண்டத்திற்குக் கிடைக்கவில்லை. அவர் கருத்தைக் காப்பியத்தின் முற்பகுதி உரையிலேயே காண முடியும். எனவே, குன்றக்குரவைக்கு அடியார்க்குநல்லார் கூறும் உரை எனச் சான்று காட்டும் கட்டுரை, மூலத்தைப் பாராமல் எழுதப்பெற்றது என்பதைத் தானே வெளிப்படுத்திவிடும்.

காப்பிய அடி வழியைச் சுட்டும். உரை பிற்கால நம்பிக்கையைச் சுட்டும். கள ஆய்வு இன்றைய நிலத்தோடு அவற்றைப் பொருத்தும். மூன்றும் வெவ்வேறு காலத்தவை. கோவிந்தராசனாரின் முடிவுக்கு வலிமை சேர்ப்பது அவர் வழியை நடந்து கண்டு எழுதியமையே. ‘கண்ணகியார் அடிச்சுவட்டில்’ என்னும் அவர் நூல் இருக்கவும், அதன் சுருக்கத்தை மற்றொரு கட்டுரையிலிருந்து எடுத்துத் தருவது அவருழைப்பை மறைப்பதாகும். கோயிற் கட்டடத்தின் காலத்தைப் பற்றிய கூற்றுக்கு இலக்கிய அடி சான்றாகாது. அதற்குக் கல்வெட்டும் கட்டடக் கலை ஆய்வும் வேண்டும். கல்வெட்டைச் சுட்டுங்கால் கல்வெட்டு ஆண்டறிக்கையின் ஆண்டும் வரிசை எண்ணும், அல்லது தென்னிந்தியக் கல்வெட்டுகள், திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசை ஆகியவற்றின் தொகுதி எண்ணும் கல்வெட்டு எண்ணும் தரப்படல் முறை.

வாய்மொழியும் அதன் உரிமையாளரும்

கட்டப்பனையை அடுத்த கோவில்மலையைத் தலைமையிடமாகக் கொண்ட மன்னான் மக்கள் மதுரையோடு தம்மைத் தொடர்புபடுத்தும் மரபினர். இவர்தம் கூத்து கோவலன் கண்ணகி கதையைப் பொருளாகக் கொண்டது. முதுவர் மதுரையிலிருந்து மீனாட்சியின் திருவுருவை முதுகில் சுமந்து வந்தவர் என்னும் வழக்காறும் பரவலாக எடுத்தாளப்படுகின்றது. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்னும் ஐந்தூர்களைக் கொண்ட அஞ்சுநாட்டு மக்களிடமும் மதுரைப் பெயர்வு பற்றிய கதைகள் வழங்குகின்றன.

இவற்றை எழுதுவோர் தர்சுடனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் (1909), கிருஷ்ண ஐயரின் திருவிதாங்கூர்ப் பழங்குடிகளும் சாதிகளும் ஆகிய நூல்களைச் சான்று காட்டுவர். முதுவர் பற்றித் தர்சுடன் தரும் செய்திகள் மலைத்தோட்டத் தொழிலிலிருந்த ஓர் ஐரோப்பியர் அனுப்பிய குறிப்புகளைத் தழுவியவை. அதாவது முதுவர் சொன்னதைத் தோட்டத்துரை கேட்டெழுத, அதனைத் தர்சுடன் தொகுக்க, அதனைத் தமிழ்க் கட்டுரை மொழிபெயர்க்கின்றது. நான்கு கைமாறிய செய்திக்குத் ‘தர்சுடன், தொகுதி, பக்கம்’ என்பது மட்டும் போதுமான சான்றாகாது; ‘இன்னார் குறிப்பைத் தழுவித் தர்சுடன்’ என்றேனும் எழுத வேண்டும்.

களத்தில் நேரில் திரட்டும் வாய்மொழிக்கும் ஒழுங்கு உண்டு. ‘தகவலாளி: மறையூர் முதியவர்’ என முடிப்பது போதாது. கேட்ட ஊர், நாள், சொன்னவரின் அகவை, அவர் பேசிய மொழி, பதிவு வைக்கப்பெற்ற இடம் ஆகியன தரப்படல் வேண்டும். பெயரைச் சுட்டலாமா என்பது சொன்னவரின் விருப்பத்தைப் பொறுத்தது. அச்சிட்ட நூலின் ஆசிரியருக்குப் பெயரும், கதை சொன்ன மலைவாழ் முதியவருக்குப் பெயரின்மையும் வழங்கும் வழக்கம், எவர் அறிவு அறிவாக எண்ணப்படுகின்றது என்பதைக் காட்டுகின்றது.

காலமும் ஊர்ப்பெயரும்

திருவிதாங்கூர் ஆவணங்கள் பல கொல்லம் ஆண்டில் அமைந்தவை. அதனோடு 825ஐக் கூட்டிக் கிறித்து ஆண்டாக மாற்றுவது பொதுவழக்கு. இது பாதி ஆண்டுக்கே பொருந்தும். கொல்லம் ஆண்டு சிங்க மாதத்தில், ஆகத்து நடுவில் பிறப்பது. ஆகவே, ஆண்டுப் பிறப்பிலிருந்து திசம்பர் முடிய 824ஐயும், சனவரிக்குப் பின் 825ஐயும் கூட்டல் வேண்டும். பெரியாற்று ஒப்பந்தம் ஏற்பட்டது 1062 துலா மாதம். 825ஐக் கூட்டின் 1887 எனப் பிழையாகும். கண்ணன் தேவன் மலையைப் பூஞ்சாற்று அரசர் ஜான் டேனியல் மன்றோவுக்கு வழங்கிய நாள் 1877 சூலை 11, அதாவது 1052 மிதுன மாதம். 824ஐக் கூட்டின் 1876 எனப் பிழையாகும். வட மலபாரில் ஆண்டு கன்னி மாதத்தில் பிறக்கும் என்பதும் கருதத்தக்கது. எனவே மூல ஆவணத்தின் ஆண்டையும் மாதத்தையும் அவ்வாறே தந்து, மாற்றிய ஆண்டை அருகில் தருவது தக்கது. ஓலைச் சுருணைகளைச் சுட்டுவோர் சுருணை எண், ஓலை எண் இரண்டையும் தரல் வேண்டும்.

ஊர்ப்பெயரிலும் கவனம் தேவை. ஆங்கில ஆவணங்களில் பாலக்காடு ‘பால்காட்’ எனவே காணப்படும். ‘கூடலூர்’ என்பது கேரள எல்லையில் இரண்டிடத்து உண்டு. குமுளியை அடுத்தது தேனி மாவட்டத்தது. மற்றது நீலகிரி மாவட்டத்தது. பின்னது 1877 வரை மலபார் மாவட்டத்து வயநாட்டில் இருந்தது. மாவட்டம் சுட்டாத கூடலூர்க் குறிப்பு ஓர் ஊரின் வரலாற்றை மற்றோர் ஊருக்கு ஏற்றிவிடும்.

அடிக்குறிப்பின் வடிவம்

வடிவ ஒழுங்கைப் பற்றி நீண்டு கூற வேண்டியதில்லை. ஆசிரியர் பெயர் முன்னா பின்னா, ஆண்டு அடைப்பினுள்ளா வெளியிலா என்பன இதழுக்கு இதழ் வேறுபடலாம். ஓர் இதழுள் ஒரே முறை இருப்பின் போதும். ‘மேலது’, ‘மு.நூ.’ என்னும் குறுக்கங்கள் மட்டும் கவனத்திற்குரியவை. கட்டுரையைத் திருத்துங்கால் இடையே ஒரு குறிப்பு சேரின், அடுத்துள்ள ‘மேலது’ வேறொரு நூலைச் சுட்டத் தொடங்கும். இறுதிப்படி வரை சுருக்கப் பெயரும் பக்க எண்ணும் எழுதுவது இதனைத் தவிர்க்கும். நேரில் பாராத நூலைப் பார்த்ததுபோல் காட்டுவது வடிவப் பிழையன்று, நேர்மைப் பிழை. ‘இன்னார் எடுத்தாண்டவாறு’ என எழுதுவதால் ஆய்வாளரின் மதிப்புக் குறைவதில்லை.

தோட்டத் தொழிலாளரும் பதிவேடும்

சான்று காட்டும் முறையால் பயனும் இழப்பும் யாருக்கு என்னும் வினாவுக்கு இடுக்கித் தோட்டத் தமிழர் வரலாறு விடை தருகின்றது. மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் அறிக்கை அளித்தபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தோடு நிற்பதே தக்கது எனப் பரிந்துரைத்தது. அம்முடிவுக்கு உறுப்பினர் மூவருள் ஒருவரான கே.எம்.பணிக்கர் காரணம் எனத் தமிழில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டுள்ளது. ஆணையம் முன்வைத்த வாதங்களைப் பத்தி எண்ணோடு எடுத்துக்காட்டி மறுக்கும் கட்டுரை அரிது. தோட்டத் தொழிலாளர் நிலையாகக் குடியமர்ந்தவரா, வந்து செல்பவரா என்பது அக்கால விவாதத்தில் முதன்மை பெற்றிருந்தது. அதற்கு விடை தரத்தக்க தரவுகள் தோட்டங்களின் ‘செக்ரோல்’ பதிவேடுகள், கங்காணிகளின் கணக்குகள், பிறப்பு இறப்புப் பதிவுகள் ஆகியவற்றில் இருந்தன. அவற்றை நாடாமல் மேடைப் பேச்சுகளைச் சான்றாக்கியமையால் தமிழர் தரப்பு வரலாறு வலிமையிழந்தது எனலாம்.

இவ்வினா 1956ஓடு முடிந்துவிடவில்லை. பட்டியல் சாதியினர் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை வெளியான நாள் 1950 ஆகத்து 10. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்ந்தோர்க்கு அந்நாளில் அவர்தம் குடும்பம் எங்கு நிலைத்திருந்தது என்பது சாதிச் சான்றிதழுக்கு அடிப்படையாகின்றது. தலைமுறைகளாக மூணாறு, பீர்மேட்டு லயங்களில் வாழ்ந்த குடும்பத்திற்கு நிலப்பத்திரம் இல்லை. இருப்பது தோட்டப் பதிவேட்டில் ஒரு வரி. 2020 ஆகத்து 6 அன்று பெட்டிமுடியில் நிகழ்ந்த மண்சரிவு 70 பேரை லயங்களோடு கொண்டுபோயிற்று. அத்தகைய இழப்பில் உயிரோடு குடும்பத்தின் காகிதங்களும் அழிகின்றன. எந்தத் தோட்டத்தின் எந்த ஆண்டுப் பதிவேடு, எங்கு வைக்கப்பட்டுள்ளது, எத்தனையாம் பக்கம் என ஓர் ஆய்வாளர் எழுதிவைத்த அடிக்குறிப்பு, பிற்காலத்தில் ஒரு குடும்பத்தின் சான்றைத் தேடிக் காண வழிகாட்டலாம். ‘பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர்’ என்னும் பொதுவுரை அவ்வாறு உதவாது.

முடிவுரை

எல்லைப்புற வரலாற்றெழுத்தில் தரவுகள் மூன்று ஆட்சிகளின் காப்பகங்களில் சிதறியிருப்பது வழித்தரவுகளையும் சார்புத்தரவுகளையும் மிகுதியாக நம்பும் பழக்கத்தை வளர்த்துள்ளது. பெரியாறு பற்றிய செய்திகளில் ஆவணமும் நினைவும் வேறுபடுத்தப்படவில்லை. கண்ணகி கோட்டம் பற்றிய எழுத்துகளில் காப்பியம், உரை, கள ஆய்வு ஆகியன தம்முள் கலக்கின்றன. வாய்மொழிச் சான்றுகளில் சொன்னவர் மறைந்து, தொகுத்தவர் நிற்கின்றார். கொல்லம் ஆண்டு மாற்றமும் ஊர்ப்பெயர் மயக்கமும் கவனமின்மையால் விளைவன.

இவற்றைக் களைய, ஒவ்வொரு சான்றும் முதலா, வழியா, சார்பா என ஆய்வாளர் தமக்குத் தாமே வினவிக்கொள்ளுதல் முதற்படி. நெறியாளர்கள் ஆய்வேட்டின் அடிக்குறிப்புகளுள் சிலவற்றையேனும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் அடுத்த படி. தமிழகக் காப்பகமும் கேரளக் காப்பகங்களும் கொண்டுள்ள எல்லைப்புற ஆவணங்களுக்குத் தமிழில் ஓர் அடைவு உருவாக்குதல் தமிழ்த்துறைகள் இணைந்து செய்யத்தக்க பணி. தோட்டப் பதிவேடுகள் அழியுமுன் அவை இருக்குமிடத்தையேனும் பதிவுசெய்தல் அப்பணியின் தொடக்கமாக அமையலாம்.